ஆறு பட்டைத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர்

அருள்,

நீ வாங்கி வைத்துவிட்டுப் போன தொட்டியில் மூன்று மீன்கள் செத்துவிட்டன. மற்றவை பிழைத்துக்கொண்டன. வழக்கமாக எழுதும் நலம் விசாரிப்பை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். அதற்குத் தெம்பு இல்லை. இன்லண்ட் தாளில் இது அடங்காது என்று தெரிந்துதான் கோடு போட்ட தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா காலைக் கஞ்சி குடித்துவிட்டுக் கண் அசந்திருக்கிறாள். அவள் விழிப்பதற்குள் இதை முடிக்க முடியாது. கையெழுத்து எங்கெல்லாம் மாறித் தெரிகிறதோ, அங்கெல்லாம் நான் எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன். நாம் இரண்டு பேருமே அதைத் தப்பாகத் தெரிந்து வைத்திருந்தோம். ஐப்பசியில் ஒரு காலை நேரத்தில் அம்மாவின் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயின. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவள் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்றாலும் "சரி". வலிக்கிறதா என்றாலும் "சரி". மாதா கோயிலில் பூசை முடிந்து நற்கருணை கொண்டு வந்த சாமியார், "டீச்சர், என்னைய அடையாளம் தெரியுதா?" என்று கேட்டதற்கும் "சரி". நாம் பேசுவது எவ்வளவு தூரம் புரிகிறது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். நாம் அதை, ஒன்றும் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டோம். அவர் சொன்னது அதுவல்ல. ஆனால் அப்படி எடுத்துக்கொள்வது நம் இருவருக்கும் சுலபமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் லீவில் நீயும் ரீட்டாவும் வந்தீர்கள். படுத்த படுக்கையாக விட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே, ஏதாவது அசைகிற பொருள் கண்ணெதிரே இருக்கட்டும் என்று இந்தத் தொட்டியை வாங்கி வந்தாய். ஆறு பட்டையாக வழவழவென்று இருந்த அதைக் கட்டில் உயரத்துக்கு மேஜை போட்டு, அவளுடைய இடது கைப் பக்கம் வைத்தாய். மாடித் தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் போட்டு நீயே தண்ணீரும் நிரப்பினாய். நல்ல எண்ணம், நான் குறை சொல்லவில்லை. அந்தக் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றுகொண்டுதான் நாம் எல்லாவற்றையும் பேசி முடித்தோம். வேளச்சேரியில் நீ வாங்கியிருக்கும் ஃபிளாட்டில் எங்களுக்கு ஒரு அறை. ஈஸ்டர் முடிந்ததும் லாரி. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவது. "அம்மாவுக்கு எங்க இருந்தா என்னப்பா, எல்லாம் ஒண்ணுதான்" என்றாய். நான் தலையாட்டினேன். பிறகு குனிந்து அவள் காதருகே, "என்னம்மா, எங்க கூட வந்துருவீகள்ல?" என்று கேட்டாய். அவள் "சரி" என்றாள். ரீட்டா சந்தோஷத்தில் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அதையே கேட்கிறாய், நான் ரிசீவரை அவள் காதில் வைக்கிறேன், அவளும் அதையே சொல்கிறாள்.

என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். மெட்ராஸ் வருவதில் உன்னைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். காலையில் அவளைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதே என் முதுகு அன்றைக்கு உண்டானதைச் சொல்லிவிடும். பக்கத்து வீட்டுப் பாக்கியம் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள், அது ஒரு மணி நேரம். மீதி நாள் முழுக்க நான்தான். சோறு குழைய வடிப்பது, ஊட்டுவது, துவைப்பது, புண் வராமல் இருக்கப் பவுடர் போடுவது. மில்லில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த காலத்தில் பாரம் ஏற்றி இறக்குகிறவர்களைப் பார்த்து நான் பரிதாபப்பட்டதில்லை, இப்போது படுகிறேன். லிஃப்ட் வைத்த கட்டடம், கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி, ரீட்டா கையால் ஒரு வாய் காப்பி. துணி அலசும்போதெல்லாம் இவற்றை நினைத்துக்கொள்வேன். இன்னும் கொஞ்ச நாள்தான், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் மீன்கள் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வந்தது. உப்பைத் தூவிவிட்ட மாதிரி. இரண்டு செத்து மிதந்தன. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் அரிகரண்டியால் எடுத்துப்போட்ட பிறகும் அவை மிதந்த இடத்தையே பார்த்தாள். மறுநாள் இன்னொன்றும் போயிற்று. பாக்கியத்தை உட்கார வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு அங்கிட்டு இருக்கும் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் நீல நிறத்தில் ஒரு சின்னப் பாட்டில் கொடுத்தார்.

"அஞ்சு லிட்டருக்கு ஒரு சொட்டுய்யா. கூடிருச்சுன்னா மீனு தாங்காது. கொறஞ்சா புள்ளி போகாது. ஒங்க தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

"தெரியலையே. பையன்தான் குழாயப் போட்டு நெரப்புனான்."

"அப்ப அளந்து பாத்துக்கங்க. குத்துமதிப்பா ஊத்திறாதீக."

வாளியால் முகந்து அளந்திருக்கலாம் என்று நீ நினைப்பாய். ஒரு தடவை பாதித் தண்ணீர் மாற்றியதற்கே இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் நிமிர முடியவில்லை. அதனால் டேப்பை எடுத்தேன். நான் பார்த்த வேலையில் வந்த பெட்டிகளுக்கெல்லாம் நாலு மூலைதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் முடிந்தது. அதே பழக்கத்தில் ஒரு முனையிலிருந்து எதிர் முனைக்கு அளந்தேன். பட்டைக்குப் பட்டை அளந்தேன். அடியிலிருந்து விளிம்பு வரை அளந்தேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பெருக்குவது என் வழக்கம், உனக்குத் தெரியும். "அம்பத்தொண்ணு, நாப்பத்தி நாலு, ஒசரம் அம்பது. நூத்திப் பன்னெண்டு லிட்டர். அப்ப இருபத்திரெண்டு சொட்டு."

"சரி" என்றாள் அம்மா.

நான் அதைக் காதில் வாங்கவில்லை. நாள் முழுக்கக் கேட்கிற சொல்தானே. பாட்டிலைத் திறந்து முதல் சொட்டை விட்டேன். "சரி" என்றாள் இன்னும் கொஞ்சம் சத்தமாக. இரண்டாவது சொட்டு விழுந்தது. "சரி, சரி." மூன்றாவது விழுந்ததும் அவள் இடது கையால் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். மீன்கள் மூலைக்கு மூலை சிதறின. அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த பாக்கியம் ஓடி வந்தாள்.

"என்னண்ணே சத்தம்?"

"ஒண்ணுமில்ல. மருந்து ஊத்துறேன், சரி சரிங்கிறா."

பாக்கியம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். "இது சரிங்கிற மூஞ்சி இல்லண்ணே" என்றாள் பாக்கியம்.

அருள், அந்த முகத்தை நீயும் நானும் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறோம். பரீட்சைத் தாள் திருத்தும்போது ஒரு பிள்ளை முதல் வரியிலேயே தப்பு செய்துவிட்டு, அதன் மேல் ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டிருந்தால் அவள் முகம் அப்படித்தான் போகும். நான் பாட்டிலைக் கீழே வைத்தேன். "தப்பா?" என்று கேட்டேன். "சரி" என்றாள், கண்ணை ஒரு தடவை இறுக மூடித் திறந்து. அவள் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. இத்தனை மாதத்தில் அவளிடம் யாரும் சரியாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"எங்க தப்பு? காட்டு."

அவள் விரலைக் கண்ணாடி மேல் வைத்து ஒரு பட்டையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்தாள். அங்கிருந்து விரலைத் திருப்பி அடுத்த பட்டைக்குப் போனாள். பிறகு கையை எடுத்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள், மடக்கி ஒரு விரல் காட்டினாள். ஆறு. நாலு மூலைப் பெட்டி மாதிரிப் பெருக்கினால் இல்லாத நாலு மூலையையும் சேர்த்து எண்ணுகிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலண்டரில் பழைய மாதத் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஆறு பட்டை வரைந்து, பரீட்சை அட்டையில் வைத்து அவளிடம் நீட்டினேன். பென்சிலை அவளுடைய இடது கையில் வைத்து விரலை மடக்கிவிட்டேன். அவள் மூலைக்கு மூலை மூன்று கோடு போட்டாள். கோணல்மாணலாக, ஒரு கோடு தாளைத் தாண்டி அட்டையில் ஏறியது. ஆனாலும் ஆறு முக்கோணங்கள் தெளிவாகத் தெரிந்தன.

ஒரு பட்டையின் அகலத்தை அளக்கச் சொல்லி விரலால் காட்டினாள். வெளியே அளந்து இருபத்தைந்தரை என்றேன். கண்ணாடியின் மேல் விளிம்பை நகத்தால் தட்டினாள். அதன் கனம் தண்ணீர் இல்லையே. உள்பக்கம் அளந்தேன், இருபத்தைந்து. முக்கோணத்துக்குள் அதை எழுதினாள். பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து 433 என்று எழுதினாள். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, ஒருகாலத்தில் உனக்குத் தெரிந்திருக்கும். எழுத்து எழுத முயன்றால் அவளுக்கு ஒன்றுக்குப் பதில் வேறொன்று வருகிறது, பிறகு சோதித்துப் பார்த்தேன். தன் பெயரைக்கூட அவளால் எழுத முடியவில்லை. எண்கள் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. இருபத்தைந்தை இருபத்தைந்தால் பெருக்கி, அதை அந்தப் புள்ளிக் கணக்கால் பெருக்கி, ஆறால் பெருக்கச் சொல்லி எண்களைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பெருக்கியது நான்தான். ஒரு இடத்தில் மீதியைச் சேர்க்க மறந்தேன், பென்சிலால் என் விரல் மேலேயே ஒரு தட்டு தட்டினாள். அடித்தளம் ஆயிரத்து அறுநூற்று இருபத்து நாலு வந்தது. உயரம் ஐம்பது என்று எழுதினேன். அதை அடித்தாள். அடியில் நீ கொட்டி வைத்த மணலைக் காட்டினாள், தண்ணீர் நிற்கிற மட்டத்தைக் காட்டினாள். மணலுக்கு மேலிருந்து தண்ணீர் மட்டம் வரை நாற்பதுதான் இருந்தது. தொட்டி எவ்வளவு பிடிக்கும் என்று நான் பார்த்தேன். அதில் எவ்வளவு இருக்கிறது என்று அவள் பார்த்தாள். அறுபத்தைந்து லிட்டர். பதின்மூன்று சொட்டு. மூன்று ஏற்கெனவே விழுந்துவிட்டது. நான் பாட்டிலை எடுத்ததும் ஐந்து விரலை விரித்தாள், மடக்கி மறுபடியும் விரித்தாள். பத்து சொட்டு விட்டேன். பாக்கியம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். "அண்ணே, டீச்சர் முன்னாடி நான் என்னென்னமோ பேசியிருக்கேனே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்று நாம் பேசியதை.

நீ எட்டாம் வகுப்புப் படித்தபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அவள் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது நீ வாசலில் பந்து விளையாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்பாய். ஒருநாள் நோட்டை மூடி வைத்துவிட்டு, "சரின்னு சொல்லாத. என்ன வெளங்குச்சுன்னு சொல்லு" என்றாள். நீ விழித்தாய். அன்று சாயங்காலம் முழுக்க உன்னை எழுந்திருக்க விடவில்லை. எனக்கே பாவமாக இருந்தது, "விடேன், புள்ளதான் சரிங்கிறானே" என்று சிபாரிசுக்கு வந்தேன். "சரிங்கிறது பதில் இல்லீங்க, பேச்ச முடிக்கிறதுக்கு ஒரு வழி" என்றாள். வகுப்பில் எந்தப் பிள்ளை அந்தச் சொல்லைச் சொன்னாலும் அடுத்த கேள்வி கேட்காமல் விடமாட்டாள். நாம் அவளிடம் அடுத்த கேள்வியைக் கேட்கவே இல்லை.

கேட்பதற்கு எனக்கு மேலும் இரண்டு நாள் ஆயிற்று. மறந்துபோய் அல்ல, பயந்துபோய். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் மதியம் சாப்பாடு கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "வாயால சொல்ல வேணாம். ஆமான்னா கைய விரி, இல்லைன்னா மூடு" என்றேன். சோதிப்பதற்காக, "உனக்குப் பாகற்காய் பிடிக்குமா?" என்று கேட்டேன். கையை மூடினாள். லேசாகச் சிரித்தாள், ஒரு பக்கத்து உதட்டால். பிறகு கேட்டேன். "மெட்ராஸுக்கு அருள் வீட்டுக்குப் போயிருவமா?"

வாய் "சரி" என்றது. கை மூடிக்கொண்டது.

மாற்றிக் கேட்டேன். "இங்கனயே இருப்பமா?" கை விரிந்தது. எல்லா விரலும், நீட்டி.

அப்போது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை அருள். கோபம். என்றைக்கோ முடிந்துபோன விஷயத்தை இவள் ஏன் கிளறுகிறாள் என்ற கோபம். "அப்ப என்னைய என்னதான் செய்யச் சொல்ற? நான் எத்தனை நாளைக்கித் தூக்குவேன்? எனக்கும் வயசு ஆகலையா?" என்று கத்திவிட்டேன். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டிருக்கும். அவள் கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். கையை நீட்டி என் நெஞ்சில் விரலை வைத்து, கேள்வி கேட்கிற குரலில், "சரி?" என்றாள். உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். எனக்கு அது அப்படித்தான் கேட்டது. ஐப்பசியிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் டீச்சருக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். நீயும் அப்படித்தான் கேட்டாய், அது தப்பில்லை. "ஓஞ்சு போச்சும்மா எனக்கு" என்றேன்.

அவள் விரலைத் திருப்பி ஜன்னல் ஓரத்தில் கிடக்கும் என் கட்டிலைக் காட்டினாள். போய்ப் படு என்று கையை ஆட்டினாள்.

பிறகு என்ன ஆயிற்று என்று எழுதுவதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். லாரிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. நாங்கள் வரவில்லை. எங்களுக்காக ஒதுக்கிய அறையில் ரீட்டா ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டிருப்பதாக எழுதியிருந்தாள். அவளுக்கு வருத்தமாக இருக்கும். அவளிடம் நீயே நேரில் பக்குவமாகச் சொல், போகிற போக்கில் சொல்லாதே. அவள் "சரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனால், அதோடு விட்டுவிடாதே, பின்னாலேயே போ. கல்யாணம் ஆகி இரண்டு வருஷம்தான் ஆகிறது, இதை இப்போதே பழகிக்கொள்வது நல்லது. எனக்கு இது தெரிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இன்னொன்று, நான் இங்கே தனியாக இதைத் தொடர்ந்து செய்ய முடியாது. அதை மறைக்கப் போவதில்லை. பாக்கியத்தைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டேன், கை விரிந்தது. பாக்கியமும் ஒப்புக்கொண்டாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் மதுரையில் ஒருவர் இருக்கிறாராம், விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எண்கள் இவ்வளவு இருந்தால் மற்றதும் எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன், ரொம்ப நம்பவும் பயமாக இருக்கிறது. நீ ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. போனில் அவள் கை உனக்குத் தெரியாது. நாம் கட்டிலருகே பேசியதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டு நீளமாகப் பேசாதே. உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு கேள்வியாகக் கேள். பதில் வர நேரமாகும். அதுவரை வாட்சைப் பார்க்காதே.

அன்றைக்கு அவள் சொன்னபடி போய்ப் படுத்தேன். ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாம் என்றுதான். எழுந்தபோது கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது, வெயில் சுவரைவிட்டு இறங்கியிருந்தது. அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கி எத்தனையோ மாதம் ஆயிற்று. பதறிப்போய் அவள் கட்டிலுக்கு ஓடினேன். விழித்துத்தான் இருந்தாள். விரிப்பு, பாவாடை எல்லாம் நனைந்து, அந்த ஈரமும் பாதி காய்ந்துபோய்க் கிடந்தது. கண்ணாடியில் ஒரு தட்டு தட்டியிருந்தால் நான் எழுந்திருப்பேன். தட்டவில்லை. அந்த ஈரத்திலேயே படுத்துக்கொண்டு என்னைத் தூங்கவிட்டிருக்கிறாள்.

வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து துடைத்துவிட்டேன். புது விரிப்பைச் சுருட்டி ஒரு பக்கமாகச் செருகிவிட்டு, எப்போதும்போல் அவள் இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்தேன். என் முதுகு தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டது. அப்போது அவள் இடது கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, இடது காலை ஊன்றி, முகமெல்லாம் சிவந்துபோக, தன் இடுப்பைத் தானே தூக்கிக் கொடுத்தாள். முழுக்க இல்லை. ஒரு விரிப்பை இழுத்துப் போடுகிற அளவுக்கு.

இப்படிக்கு,
அப்பா